மூச்சுக்கு ஒரு நெல்

இப்போதெல்லாம் எவனும் எதையும் மோந்து பார்த்து வாங்குவதில்லை. டப்பாவின் மேல் ஒரு மீன் துள்ளுகிற படம், பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒருத்தன் படம், அவ்வளவுதான் வேண்டும். நல்ல சரக்கு என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நாங்கள் கோந்து வாங்கினாலும் எண்ணெய் வாங்கினாலும் ஒரு சொட்டை விரலில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, அரை மனசாகத்தான் வாங்குவோம். இதைச் சொன்னால் 'பெருசு ஆரம்பிச்சிருச்சு' என்கிறார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. டப்பாவில் இருக்கிற பொடியெழுத்தைக் கூட்டிப் படிக்க என் கண்ணுக்குத் தெம்பில்லை. கண் இருக்கிறவர்களும் படிப்பதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் சாணை பிடிக்கிறவன். கத்தி, கத்தரிக்கோல், உளி, இழைப்புளித் தகடு, எது வந்தாலும் தீட்டிக் கொடுப்பேன். என் கல் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, எட்டடிச் சந்துக்கு அந்தப் பக்கம், தூண்டில்காரன் வீடு. தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவன் என்று நினைக்க வேண்டாம். தூண்டில் கழி செய்கிறவன். பிறந்ததிலிருந்து ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. "சவப்பெட்டி செய்யிறவன் அதுல படுத்தா பாக்கிறான்?" என்பான் கேட்டால்.

வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டியும் மட்டும். அவன் என்னை மாமா என்பான், அவள் பெரியப்பா என்பாள். உறவு ஒன்றும் கிடையாது. தகடு தீட்டப் போய் வந்து, டீ குடித்து வளர்ந்த உறவு.

வேலையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, இழைத்து, ஆறு சிம்பை ஒன்றாக ஒட்டி, நூல் சுற்றிக் காயவைத்து, ஒரே கழியாக்குவது அவன் பாடு. அதற்கப்புறம் அவன் கை அதில் படாது. பூச்சு முழுக்க அவளுடையது.

பூச்சு என்றால் தூரிகையால் பூசுவது இல்லை. பின்னறையில், ஆள் உயரத்துக்கு ஒரு குழாயைச் சுவரோரம் நிறுத்தி, அதில் வார்னிஷை ஊற்றிவைத்திருப்பாள். கழியின் அடிப்பக்கத்தை நூலில் கட்டி, நுனி கீழே இருக்கக் குழாய்க்குள் முழுக்க இறக்கி, மறுபடி மேலே இழுக்க வேண்டும். நூல் உத்தரத்தில் ஒரு கப்பி வழியாக வந்து ஒரு மர உருளையில் சுற்றியிருக்கும். உருளைக்கு ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம். வேகமாக இழுத்தால் பூச்சு கண்ணீர் மாதிரி வழிந்து நிற்கும். நடுவில் ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தில் வளையம் விழும்.

அவளுக்குக் கடிகாரம் கிடையாது. மூச்சுத்தான் கணக்கு. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள் ஒரு நெல் நீளம் கழி மேலே ஏற வேண்டும். அதற்குத் தோதாகத்தான் உருளையைக் கடைந்து வைத்திருந்தாள். ஒரு கழி முழுதாக வெளியே வரக் கால் மணி நேரம். அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் வாய் திறக்க மாட்டாள். நானே பார்த்திருக்கிறேன், தோளில் ஈ உட்கார்ந்திருக்கும், விரட்ட மாட்டாள். தூங்குகிற குழந்தையின் முதுகு மாதிரி ஏறி இறங்கும் அவள் முதுகு. கழி எண்ணெயில் குளித்த பாம்பு மாதிரி எழும்பி வரும்.

கெட்ட காலம், போன வருஷம் செய்த கழிகளில் வந்தது. ஏரியில் படகு விட்டு மீன் பிடிக்கிற சங்கம் ஒன்று, வாங்கினதில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் பூச்சு வெளுத்து, உள்ளே ஒட்டு விட்டிருந்தது. "பூச்ச மாத்தினாத்தான் அடுத்த ஆர்டர். இல்லேன்னா கம்பெனிக் கழியே போதும் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் சங்கக்காரர். தூண்டில்காரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மட்டும் அன்றைக்கே மூன்று துண்டுக் கழி நறுக்கினாள்.

ஒன்றில் பழைய வார்னிஷ். ஒன்றில் ஆளிவிதை எண்ணெய், துணியால் பதினைந்து தடவை தேய்த்தது. மூன்றாவதில் பெயிண்டுக் கடைக்காரன் கொண்டுவந்த புதுச் சரக்கு. மூன்றையும் வாளித் தண்ணீரில் ஒன்பது நாள் ஊறப்போட்டு, எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்தாள். பழையது மோர் தெளித்த மாதிரி வெளுத்தது. எண்ணெய் வெளுக்கவில்லை, ஆனால் நகம் பட்டால் கோடு விழுந்தது. புதுச் சரக்கு வில்லாக வளைந்தும் ஒரு முடிக்கீறல் விடவில்லை.

"பாத்தீங்களா பெரியப்பா? கண்ணாடி."

"கண்ணாடி வளையாதே தாயி."

"இது வளையிற கண்ணாடி."

பெயிண்டுக் கடைக்காரன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நல்ல பேச்சுக்காரன். சுண்ணாம்பை வெண்ணெய் என்று விற்பான். "இதுக்கு வெயிலே வேண்டாம் பெரியவரே. காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சு இறுகுற சரக்கு இது. மழ நாள்ல இன்னும் சீக்கிரம் காயும். டப்பாவத் தெறந்தா ஒடனே மூடிரணும், இல்லேன்னா உள்ளயே கல்லாயிடும்."

"ஈரம் எங்க இருந்தாலும் குடிக்குமா?" என்றேன்.

"எங்க இருந்தாலும்."

"மூக்குல, நெஞ்சுல இருக்கிற ஈரம்?"

அவன் சிரித்தான். "இருபது வருசமா கடையில உக்காந்திருக்கேன். என் நெஞ்சு என்ன கல்லாயிடுச்சா?"

"அது எப்பவோ கல்லாயிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் கேள்வி அமுங்கிப்போனது. அமுக்கினது நான்தான். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். வாய்க்கொழுப்பு எனக்கு.

டப்பாவின் பின்பக்கம் ஒரு மூலையில் மூக்கையும் வாயையும் மூடி என்னவோ மாட்டியிருந்த ஒரு தலைப் படம் இருந்தது. தூண்டில்காரன் அதைக் காட்டி, "இது என்ன?" என்றான்.

"அது பெரிய பாக்டரிக்குப் போடுறது. நீங்க செய்யிற நாலு கழிக்கு அதெல்லாம் வேண்டாம்."

"மாமா கேட்டதுக்கும் நீங்க..." என்று இழுத்தான் தூண்டில்காரன்.

"நான் எடுத்தாச்சு" என்றாள் அவள். "இழுக்கப்போறது நீங்களா, நானா?"

அத்தோடு முடிந்தது.

புதுச் சரக்குக்குத் தூசி ஆகாது. காய்வதற்குள் ஒரு துளி தூசி விழுந்தாலும் அது கண்ணாடிக்குள் மாட்டின கொசு மாதிரி நிரந்தரமாக நின்றுவிடும். அதனால் பின்னறை ஜன்னலுக்குத் தாள் ஒட்டினாள். கதவு இடுக்கில் துணி திணித்தாள். வாசலில் ஒரு நனைந்த போர்வையைத் தொங்கவிட்டாள். தரையில் தண்ணீர் தெளித்தாள், ஈரத்துக்கு ஈரமும் ஆச்சு, தூசியும் எழும்பாது என்று. உள்ளே போகிறவன் கால் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். நான் ஒரு தடவை போர்வையை விலக்கித் தலையை நீட்டினேன். கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி இருந்தது. அவள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதம் வானம் மூடியே கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்தது. புதுச் சரக்குக்கு அது கொண்டாட்டம். நாளுக்கு நாலு கழி ஏறியது.

ஆறு வாரம் போயிருக்கும். தீட்டின தகட்டைக் கொடுக்கப் போனபோது தூண்டில்காரன் ஒரு கழியை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, உங்க கட்டவெரல இதுல ஓட்டுங்க."

முப்பத்தைந்து வருஷம் கத்தி முனையில் பிசிறு தேடின விரல் இது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். வளையங்கள். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரிந்தது. அடியில் வழவழவென்று ஒரு சாண், பிறகு பக்கத்தில் பக்கத்தில் மூன்று, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. நுனிக்குப் போகப் போக நெருக்கம்.

"சரக்கு கெட்டியாயிடுச்சுன்னு கடைக்காரன் சொல்றான். தின்னர் கூட்டணுமாம்" என்றான்.

"முன்ன ஏத்தின கழியக் குடு."

அவன் கொடுத்தான். முதல் வாரத்துக் கழி தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்றாம் வாரத்துக் கழியில் நுனியில் மட்டும் இரண்டு வளையம். ஐந்தாம் வாரத்ததில் பாதியிலிருந்தே. தரையில் வரிசையாக வைத்தேன். உள்ளறையில் அவள் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின. அடுத்த வாய்.

"சரக்குல கோளாறு இல்ல மாப்ளே. உன் பொண்டாட்டிக்கு மூச்சு பத்தல. நெல்லுக்கு ஒரு மூச்சு விட்டவ, இப்ப நெல்லுக்கு ரெண்டு விடுறா. நடுவுல இருமல் வந்தா அடக்கிக்கிட்டு நிக்கிறா. அதுதான் மூணு மூணா விழுந்திருக்கு."

"சளி பெரியப்பா" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "ஊருக்கே சளி."

"ஊரே கழி இழுக்கலயே."

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியவர்."

"நாலாங்கிளாசோட நிறுத்திட்டாங்க. இல்லேன்னா படிச்சிருப்பேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடியவில்லை, இருமலாகப் போய் முடிந்தது. தூண்டில்காரன் எழுந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். எனக்கு முகம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் தங்கச்சிக்குப் பிரசவம் என்று நாலு நாள் போய் இருந்துவிட்டு வந்தாள். முகம் தெளிந்து வந்தது. சந்து முனையிலிருந்தே கை ஆட்டிக்கொண்டு, "பொண்ணு பெரியப்பா!" என்று கத்தினாள். அத்தனை தூரத்திலிருந்து கத்த மூச்சு இருந்தது. மறுநாள் காலையில் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் என் கல் சுற்றுகிற சத்தத்தையும் மீறி இருமல் கேட்டது.

இருமல் ஓயாததால் டாக்டரிடம் போனார்கள். போய்விட்டு வந்த மறுநாள் தூண்டில்காரன் என் எதிரே வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்போ தப்பாதான் ஏதோ சொல்லப்போற. சொல்லு."

"தூசி ஒத்துக்கலையாம். வீட்டுக்குப் பக்கத்துல தூசி, புகை ஏதாவது இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. இவ, எதிர்ல சாணைக்கல் இருக்குன்னு சொன்னா."

கல்லைச் சுற்றுகிற மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தேன். கல் தானாகச் சுற்றி நின்றது.

"உள்ள டப்பா இருக்குன்னு சொன்னாளா?"

"அத அவர் கேக்கல."

"கேக்காட்டி என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தங்கச்சி வீட்டுல நாலு நாளும் இருமலே இல்ல மாமா. அங்க சாணைக்கல் இல்ல."

"அங்க டப்பாவும் இல்ல."

அவன் காலால் தரையைத் தேய்த்தான். "அந்த டப்பாவாலதான் மாமா கழி திரும்பி வராம இருக்கு."

கோபம் வந்தது. ஆனாலும் அவனைத் திட்டி அனுப்ப மனசு வரவில்லை. காரணம் இருக்கிறது. என் அண்ணனும் சாணைக்காரன்தான். நாற்பத்தெட்டு வயதில் மூன்று தலையணை வைத்து, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே போனான். கல்தூசி என்றார்கள். அவன் கல்லைத்தான் நான் இன்றைக்கும் சுற்றுகிறேன். சந்து எட்டே அடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் என்றைக்குப் பார்த்தேன்? அன்றைக்கு முழுக்கக் கல்லுக்குக் கீழே படிந்திருந்த சாம்பல் நிறத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவனையும் நம்பாதவன் நான். என்னை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

கல்லை நிறுத்தினேன். ஒன்பது நாள். தீட்ட வந்தவர்களிடம் தோள்பட்டை வலி என்று சொன்னேன். வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து சந்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கழுவிவிட்டேன். எதிர்வீட்டில் என் பக்கத்து ஜன்னல்களுக்கும் தாள் ஒட்டினார்கள். இத்தனை நாள் முன்னறை வழியாகக் கொஞ்சம் காற்று போய்க்கொண்டிருந்தது. அதுவும் அடைபட்டது.

கல் சத்தம் நின்ற பிறகுதான் இருமல் எவ்வளவு என்று சந்துக்கே கேட்டது. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் அதிகம். ஏழாம் நாள் இன்னும் அதிகம். ஒன்பதாம் நாள் அவள் வாசலில் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"கல்ல நிறுத்தி ஒம்பது நாளாச்சு மாப்ளே. இப்ப சொல்லு" என்றேன்.

"படிஞ்ச தூசி போகணும்ல மாமா. செவுத்துல, துணியில எல்லாம் இருக்கும். மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்றாரு."

எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பொந்து வைத்திருந்தான். புரண்டு படுக்கிறவனை எழுப்பலாம். இவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். மறுநாள் நான் கல்லைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த தெருவில் வைத்துக்கொண்டேன். கோபத்தில் போனேன் என்று அவன் நினைத்திருப்பான். பாதி கோபம், பாதி அண்ணன்.

அப்புறம் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மத்தியானம் அவளே ஆளனுப்பிக் கூப்பிட்டாள், வந்து ஒரு அதிசயத்தைப் பாருங்கள் என்று. கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

பின்னறையில் ஒரு குழாய் நின்ற இடத்தில் மூன்று குழாய் நின்றது. உருளையில் கைப்பிடியைக் காணோம். மைக்ரோவேவ் அடுப்புக்குள் தட்டைச் சுற்றுமே ஒரு சின்ன மோட்டார், அதில் மூன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து, உருளைக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தான் தூண்டில்காரன். ம்ம்ம் என்று முனகிக்கொண்டு மூன்றும் சுற்றின. மூன்று கழிகள் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.

"இனி அவ மூச்சு தேவயே இல்ல மாமா" என்றான் பெருமையாக. சொன்னது என்ன என்று அவனுக்குக் கேட்கவில்லை.

"அப்ப அவ எதுக்கு உள்ள நிக்கிறா?"

"நூல் பிசகாம பாக்கணும், அடியில நிக்கிற சொட்ட ஒத்தி எடுக்கணும். சும்மா நிக்கிற வேலதான்."

அவள் காய்ந்த கழி ஒன்றை என் கையில் கொடுத்தாள். மணிக்கட்டு மெலிந்து வளையல் முழங்கை வரைக்கும் ஓடிவந்தது. "பாருங்க பெரியப்பா. ஒரு குறை சொல்லுங்க."

என் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. மூக்கு எரிந்தது. "இந்த வாடையில எப்படி நிக்கிற?"

"வாடையா?" அவள் உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணும் வரலயே. எப்பவோ நின்னுபோச்சு."

விரலை ஓட்டினேன். அடியிலிருந்து நுனி வரைக்கும் ஓட்டினேன். திருப்பி ஓட்டினேன். ஒரு வளையம் இல்லை. ஒரு தூசி இல்லை. இவளுக்கு என்ன ஆகிறது என்று சொல்வதற்கு அந்தக் கழியில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு நல்ல கழியை நான் தொட்டதில்லை. தொட்டவுடன் கீழே வைத்துவிட்டேன்.

"எப்படி?"

"கழி நல்லாத்தான் இருக்கு."

"சங்கக்காரர் அசந்துட்டாரு பெரியப்பா. இன்னும் நூறு கேட்டிருக்காரு."

எங்களோடு முன்னறைக்கு வந்தாள். பத்துத் தப்படி இருக்கும். நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கால் வலி" என்றாள். கால் வலிக்கிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்க மாட்டார்கள்.

"தாயி, நீ வெளில வா. அந்த எண்ணெயத் தேய்ச்சுக்கிட்டு உக்காரு. நகம் பட்டாத் தழும்பு விழுந்துட்டுப் போகட்டும்."

"எண்ணெய் தேச்ச கழிய எவன் வாங்குவான்? இது நான் பாத்து எடுத்த சரக்கு பெரியப்பா. எம் பேருதான் இப்ப வெளில நிக்குது. நூறு முடியட்டும், ஒரு மாசம் தங்கச்சி வீட்டுல போய்ப் படுத்துக்கறேன்."

"நூறு முடியட்டும். நீ முடிஞ்சுபோகாம இரு."

"வாயக் கழுவுங்க மாமா!" தூண்டில்காரன் கத்தினான். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அவனுக்கும் தெரியும். தெரிந்ததைத் தூக்கி வைக்க அவனுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அவளைப் பாதியாக மடித்தது. இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வாயில் வைத்து அழுத்தி இரண்டு தடவை உறிஞ்சினாள். டாக்டர் கொடுத்ததாம். நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொட்டு நிக்கும், போய் ஒத்தணும்" என்று போர்வையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மோட்டார் முனகியது. வேறு சத்தம் இல்லை.

"பாத்தீங்களா, நின்னுடுச்சு" என்றான் தாழ்ந்த குரலில். "மருந்து கேக்குது மாமா. இப்பவாவது நம்புங்க."

போர்வைக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டேன். இருமல் நின்றுதான் இருந்தது, அவள் இழுத்து இழுத்து விடுகிற மூச்சு மட்டும் கேட்டது. இருமல் நின்றால் இருமல் நின்றது என்று மட்டும்தான் அர்த்தம். அதற்கு மேல் எனக்கு எவனும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

"இருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தேன்.